ரீங்காரத்தின் பன்னிரண்டாவது கிளை

தென்காசிக் கிளையை மூடிய மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, தூத்துக்குடியில் ஜெசிந்தா ஷட்டரைத் தூக்கி விளக்கைப் போட்டபோது, கடையின் பின்சுவர் இருந்த இடத்தில் சுவர் இல்லை, தென்காசிக் கிளை இருந்தது. அதன் மரத்தட்டுகளும், விரிசலுக்கு டேப் ஒட்டிய கண்ணாடிக் கவுண்டரும், ஒரு பக்கமாய்ச் சாய்ந்தே சுற்றும் மின்விசிறியும், பாட்டைக் கேட்டுப் பார்த்து வாங்குவதற்கென்று மூலையில் நின்ற ஹெட்போன் கூண்டும் இருந்த இருப்பிலேயே வந்திருந்தன, கூடவே குற்றாலச் சாரலின் ஈரமும் வந்திருந்தது. பின்சுவரில் மாட்டியிருந்த மாதா படம் எங்கே போயிற்று என்று ஜெசிந்தா தேடினாள். அது தென்காசிக் கவுண்டர்மேல் பத்திரமாகப் படுக்க வைக்கப்பட்டிருந்தது. எடுத்துத் துடைத்து, தென்காசிக்காரர்கள் மாட்டியிருந்த விசுவநாதர் படத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணி காலியாக இருக்கவே அதில் மாட்டினாள். பிறகு துடைப்பத்தை எடுத்து, "வாரது சரி, காலைக் கழுவிட்டு வரக்கூடாதா" என்று சொல்லிக்கொண்டே செம்மண்ணைப் பெருக்கித் தள்ளினாள்.

ரீங்காரம் மியூசிக் சென்டருக்கு ஒரு காலத்தில் பதினோரு கிளைகள் இருந்தன. ஹெட்போன் மாட்டிய வண்டு வரைந்த பச்சைக் கேரிபேக் ஒரு பயணி கையிலாவது இல்லாமல் பாளையங்கோட்டையிலிருந்து கோயம்புத்தூர் வரைக்கும் எந்தப் பேருந்தும் புறப்பட்டதில்லை என்று அதன் நிறுவனர் பொன்னுத்துரை சொல்லுவார், அதில் பாதியாவது உண்மை. பாளையங்கோட்டை பேருந்து நிலையத்தில் ஒரு மேஜை போட்டுத் தொடங்கியவர் அவர். கிளைகள் பெருகியபோது பச்சை அட்டை போட்ட ஒரு நோட்டில் பன்னிரண்டு விதிகளைத் தன் கையால் எழுதி, கிளைக்கு ஒரு நகல் கொடுத்திருந்தார். நான்காவது விதி, ஒரு கிளை மூடப்பட்டால் அதிலுள்ளது அனைத்தும் அருகிலுள்ள கிளைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது. அவர் இருந்தவரை அதற்கென்று லாரி வரும். பாளையங்கோட்டைத் தாய்க்கடை மூடியபோது வந்ததுதான் கடைசி லாரி. அவருக்குப் பின் பொறுப்புக்கு வந்த மருமகன் தனசிங், "லாரியெல்லாம் எதுக்கு, காயலாங்கடைக்காரனை எடுத்துக்கிடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டார். விதி இருந்தது, லாரி இல்லை. அதனால் கடைகள் தாமாகவே புறப்பட்டு வந்தன.

முதல் நாள் ஊர் வந்து பார்த்தது. கடைக்குப் பின்னால் இருந்த தையல்கடைக்குள் போய் அளந்து பார்த்தார்கள். தையல்கடை ஓர் அங்குலமும் குறையவில்லை. வெளியே நின்று பார்த்தால் கடை பழையபடி பன்னிரண்டடி அகலம்தான், ஒரு பக்கம் லிகோரி அண்ணனின் பேக்கரி, மறுபக்கம் குடை ரிப்பேர் செய்யும் ஆள். இரண்டாம் நாள் மின்வாரியத்து ஊழியர் வந்து, தென்காசி மின்விசிறி எந்த மீட்டரில் ஓடுகிறது என்று ஒயரைப் பிடித்துக்கொண்டே போய், ஒயர் ஓரிடத்தில் நின்றுபோயிருக்க விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருப்பதைக் கண்டு, "அது அவங்க ஊர் கரண்டும்மா, நமக்கு சம்பந்தம் இல்லை" என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள், வெளியே உப்பளக் காற்று அனலாக வீசிக்கொண்டிருக்க, கைக்குழந்தைக்காரிகள் நான்கைந்து பேர் தென்காசியில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு யாரும் அதிசயம் என்ற சொல்லை எடுக்கவில்லை. "எங்க போற?" என்றால் "தென்காசிக்கு, செத்த நேரம் கண்ணசர" என்றார்கள்.

நாகர்கோவில் கிளை வந்தபோது மழைக்கோட்டு மாட்டும் கொக்கிகளோடு வந்தது. மதுரை வந்தபோது தனியாக வரவில்லை. விருதுநகரும் திண்டுக்கல்லும் திருச்சியும் கரூரும் ஈரோடும் கோயம்புத்தூரும் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, ஒன்றின் வயிற்றுக்குள் ஒன்றாகப் போய்ச் சேர்ந்து, கடைசியில் மதுரையின் வயிற்றுக்குள் இருந்தன. அந்த மதுரைதான் ஒரு திங்கட்கிழமை நாகர்கோவிலுக்குப் பின்னால் வந்து மூச்சிரைக்க நின்றது. இப்போது ஷட்டரிலிருந்து கோயம்புத்தூர் வரை நடந்து திரும்பக் கால்மணி நேரம் ஆயிற்று. கரூரில் எங்கேயோ தறி ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் திண்டுக்கல்லைப் பிடித்துக்கொண்டார்கள், அங்கே எப்போதும் அமைதி. பெண் பார்க்கிற இரண்டு வீட்டாரும் கோயில் வேண்டாம், ஓட்டல் வேண்டாம், மதுரையில் சந்திப்போம் என்றார்கள். அங்கே இரண்டு பேர் நிற்கிற ஹெட்போன் கூண்டு இருந்தது. அந்தந்த ஊர்க்காரர்கள் பேருந்து பிடித்து வந்து, தங்கள் ஊர்க் கடைக்குள் போய், தாங்கள் பதினெட்டு வயதில் சாய்ந்து நின்ற தூணில் சாய்ந்து நின்று பார்த்தார்கள்.

அவர்கள் முக்கியமாகத் தேடி வந்தது லிஸ்ட். ரீங்காரத்தின் பெருமையே அதுதான். வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், அறுபது நிமிடத்துக்கோ தொண்ணூறு நிமிடத்துக்கோ கேசட்டில் பதிந்து தருவார்கள். கொடுத்த தாளைக் கிழித்துப் போடக்கூடாது, கோப்பில் வைக்க வேண்டும் என்பது ஒன்பதாவது விதி. பதினோரு கிளைகளின் கோப்புகளும் இப்போது இந்த ஒரு கூரைக்குக் கீழே இருந்தன. ஜெசிந்தா இருபத்தொரு வயதில் இங்கே ரெக்கார்டிங் வேலைக்கு வந்தவள், இப்போது ஐம்பத்திரண்டு. கடிகாரம் பார்க்காமல் நிமிடமும் நொடியும் சொல்லுவாள். கேட்டவர்கள் கேட்ட பாட்டெல்லாம் பதிந்த பிறகு கேசட்டின் கடைசியில் இரண்டு நிமிடமோ மூன்று நிமிடமோ வெற்று நாடா மிஞ்சும். அதை ஊமையாக விடுவது அவளுக்குப் பொறுக்காது. தனக்குப் பிடித்ததாக ஒன்றை அந்த இடத்தில் போட்டு, கோப்பிலிருக்கும் லிஸ்ட்டில் மட்டும் சிவப்பு மையில் 'மிச்சம்' என்று எழுதி வைப்பாள். கேசட்டுக்காரர்களிடம் சொல்லுவதில்லை.

அதனால் ஒரு வியாழக்கிழமை வில்லங்கம் வந்தது. உப்பளக் கம்பெனியில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்ற சவரிராயனும் அவர் மனைவி திரேசாளும், அவர் கல்யாணத்துக்கு முன்னால் அவளுக்குக் கொடுத்த கேசட்டின் லிஸ்ட்டைப் பார்க்க வந்தார்கள். திரேசாள் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். பதினோரு பாட்டு ஊதா மையில் அவர் கையெழுத்து. பன்னிரண்டாவது சிவப்பு மையில் வேறு கையெழுத்து.

"இது யாரு எழுதுனது?" என்றாள் திரேசாள்.

"நான்தான்க்கா. மிச்ச இடம் இருந்துச்சு, போட்டேன்" என்றாள் ஜெசிந்தா.

திரேசாள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். "முதல் பதினொண்ணும் ஒரே காட்டுக்கத்தல். அந்தக் கடைசிப் படகுப் பாட்டைக் கேட்டுட்டுதான், மனுசனுக்குள்ள ஏதோ இருக்குன்னு எங்கய்யாட்ட சரின்னு சொன்னேன். இப்பச் சொல்லு. நான் கட்டுனது உன்னையா, இவளையா?"

சவரிராயன் விட்டத்தைப் பார்த்தார். ஜெசிந்தா நிதானமாகச் சொன்னாள்: "ரெண்டு நிமிசம் நாப்பது செகண்டுக்கு என்னைய. மத்ததுக்கு அண்ணனை."

"அப்ப மத்தது முழுக்கக் காட்டுக்கத்தல்தான்" என்றாள் திரேசாள். ஆனால் தாளைத் திருப்பிக் கொடுக்காமல் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஒன்பதாவது விதியை மீறிய முதல் தாள் அதுதான், ஜெசிந்தா பார்க்காததுபோல் இருந்தாள். அந்த வாரம் முழுக்க ஊரில் கல்யாணமானவர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் லிஸ்ட்டின் அடியில் சிவப்பு மை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்கள். சிலர் சிரித்துக்கொண்டும், சிலர் தாளை இரண்டாம் முறை படித்துக்கொண்டும்.

அந்த மாதக் கடைசியில் தூத்துக்குடிக் கிளையையும் மூடும்படி கடிதம் வந்தது. கடிதத்துக்குப் பின்னால் தனசிங்கே வந்தார். நல்ல மனிதர்தான், குரலை உயர்த்துகிறவர் இல்லை. கையிலிருந்த டேப்பால் முன்பக்கத்தை அளந்தார், பன்னிரண்டடி. உள்ளே எட்டிப் பார்த்தார், மதுரை வரை பார்த்தார், பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"செல்போன் ஷோரூம்காரங்க பன்னெண்டு அடிக்குத்தான் அக்ரிமெண்ட் போட்டிருக்காங்கக்கா. உள்ள இருக்கறதைப் பத்தி எதுவும் எழுதலை. அதை நாம பேச வேண்டாம்."

"நான் மூடுனா இதெல்லாம் எங்க போகும் சின்ன மொதலாளி?"

"எங்க போகணும்? எல்லாப் பாட்டும் போன்லயே இருக்குதே."

"பாட்டு இருக்கட்டும். லிஸ்ட் எங்க இருக்கு?"

"லிஸ்ட்டே வேண்டாம்க்கா. உங்களுக்கு எது பிடிக்கும்னு அதுக்கே தெரியும், அதுவே போட்டுக்கிட்டே இருக்கும்."

"எனக்கு எது பிடிக்கும்னு எனக்கே ஒழுங்காத் தெரியாது. யோசிச்சு எழுதி அடிச்சு எழுதித்தான் தெரிஞ்சுக்கிட்டிருக்கோம், இந்த ஊரு முழுக்க" என்றாள் ஜெசிந்தா. "மூட மாட்டேன்னு நான் சொல்லலை. நீங்க மொதலாளி. மூடுங்க. ஆனா நாலாவது விதியை நீங்க அடிக்கலை."

அதைச் சொன்னபோது அவள் குரல் தெளிவாகத்தான் இருந்தது. அவர் போன பிறகு நாகர்கோவில் கவுண்டரில் உட்கார்ந்து பச்சை நோட்டைப் புரட்டினாள். இதுவே கடைசிக் கிளை. இதை மூடினால் போவதற்கு அடுத்த கிளை கிடையாது. பதினோரு ஊர்க்காரர்கள் அடித்துத் திருத்தி எழுதிய தாள்கள் அத்தனையும் எங்கும் போய்ச் சேராமல் இல்லாமல் போகும். நோட்டில் ஏழாவது விதியைப் படித்தாள். பேருந்து நிலையத்தில் மேஜை போட்டிருந்த நாளை மறக்காத பொன்னுத்துரை அதை எழுதியிருந்தார்: 'வண்டுப் படம், பாட்டுக் கேட்க ஒரு கருவி, ஒரு ஆள் எழுதிய லிஸ்ட். இந்த மூன்றும் உள்ள இடம் ரீங்காரத்தின் கிளை ஆகும்.' பக்கத்தின் ஓரத்தில் மேலும் ஒரு வரி எழுதியிருந்தார்: 'வேறு எதுவும் தேவையில்லை.'

ஜெசிந்தா எழுந்து போய் பேக்கரியில் சொன்னாள். லிகோரி அண்ணன் மாவுக் கையோடு கேட்டுவிட்டு, "நம்ம கடையிலயே வச்சுக்க. அடுப்புப் பக்கமாத் தள்ளி வச்சா கோயம்புத்தூருக்குக் குளிராது" என்றார். மாக்ரூன் அடுக்கும் கண்ணாடிப் பெட்டிக்கு மேல் பழைய கேரிபேக்கை விரித்து வண்டுப் படம் தெரிய ஒட்டினார். டேப் ரெக்கார்டரைப் பரணிலிருந்து இறக்கினார். லிஸ்ட்தான் வரவில்லை. மூன்று நாள் யோசித்தார். "பதினஞ்சு வருசமா நான் எதையும் கேக்கவே இல்லை ஜெசிந்தா, அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருந்துருக்கு" என்றார். நான்காம் நாள் எட்டுப் பாட்டு எழுதி, இரண்டை அடித்து, ஆறாகக் கொண்டுவந்து கொடுத்தபோது அவர் முகம் வேர்த்திருந்தது.

செய்தி பரவிற்று. அவரைப் பார்த்து குடை ரிப்பேர்க்காரர் ஒரு லிஸ்ட் எழுதினார், ஆட்டோ ஸ்டாண்டில் ஏழு பேர் சேர்ந்து சண்டை போட்டு ஒரு லிஸ்ட் எழுதினார்கள், திரேசாள் சவரிராயனைச் சேர்த்துக்கொள்ளாமல் தனியாக எழுதினாள். தெற்கு ராஜா வீதியிலிருந்து மீன்பிடித் துறைமுகம் வரைக்கும் சலூனிலும் தேநீர்க் கடையிலும் இரண்டு விசைப்படகுகளிலும் வண்டுப் படம் ஒட்டினார்கள். எங்கே வரும் என்று ஆளுக்கு ஆள் பந்தயம் கட்டினார்கள். ஆனால் அருகிலுள்ள கிளை என்றால் பேக்கரிதான். ஜெசிந்தா அளந்து வைத்திருந்தாள், ஷட்டரிலிருந்து நடந்தால் ஒன்பது எட்டு.

அந்தக் கடைசி வாரத்தில், பாளையங்கோட்டையிலிருந்து லாரியில் வந்து கட்டுப் பிரிக்காமலே கிடந்த கோப்புகளில், 'வாங்கிக்கொள்ளாதது' என்று எழுதிய ஒரு கட்டு அவள் கையில் பட்டது. கொடுத்துவிட்டுத் திரும்பி வராதவர்களின் லிஸ்ட்டுகள். மூன்றாவது தாளில் பெயர்: தி. தனசிங், இரண்டாம் ஆண்டு இயற்பியல். பதினாறு பாட்டு எழுதி ஐந்தை அடித்து, அடித்ததில் ஒன்றை மறுபடி எழுதி, கீழே ஒரு வரி: 'கடைசியில் இடம் இருந்தால் நீங்களே ஏதாவது போடுங்கள்.' முப்பது வருடத்தில் மிச்ச இடத்தைத் தானாகக் கேட்ட ஒரே ஆள். ஜெசிந்தா அந்தத் தாளைத் தனியாக எடுத்து வைத்தாள். பிறகு ஓர் அறுபது நிமிடக் கேசட்டை எடுத்து, பன்னிரண்டு பாட்டையும் பதினோரு கிளைகளிலும் தேடித் தேடிப் பதிந்தாள். முடிவில் ஒரு நிமிடம் ஐம்பது நொடி மிஞ்சிற்று. அதை அப்படியே விட்டு வைத்தாள்.

மூடும் நாள் காலை ஒன்பது மணிக்கு, ஷட்டரைத் தூக்கும்போது பக்கத்தில் ரெக்கார்டரின் மைக்கை வைத்துக்கொண்டாள்.

பதினொன்றுக்கு தனசிங் வந்தார். பொன்னுத்துரையின் பழைய வெள்ளை அம்பாசடரில் வந்தார். பெயர்ப்பலகையைக் கழற்றி ஏற்ற வேண்டும் என்று டிரைவர் வண்டியைப் பின்னால் எடுத்து எடுத்து ஷட்டருக்கு மிக நெருக்கமாக நிறுத்தினார். ஜெசிந்தா வாசலில் நின்று பார்த்தாள். நான்கு எட்டுகூட இல்லை, மூன்றரை. பின் கண்ணாடியில், மாமனார் ஒட்டியது, மருமகன் சுரண்டி எடுக்க நேரமில்லாமல் விட்டது, ஹெட்போன் மாட்டிய வண்டு. டேஷ்போர்டில் பொன்னுத்துரை பொருத்திய கேசட் பிளேயர்.

அவள் பேக்கரியைப் பார்த்தாள். லிகோரி அண்ணன் அடுப்புப் பக்கத்தை ஒழித்துவிட்டுப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் போனால் பத்திரம். ஆனால் பேக்கரியையும் அளக்க ஒரு நாள் யாராவது டேப்போடு வருவார்கள். மூட வருகிறவன் கையிலேயே கொடுத்துவிட்டால் மூடுவதற்கு அப்புறம் யார் வருவார்கள்? இவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய் எங்காவது விற்றுவிட்டால் எல்லாம் போயிற்று, அதுவும் அவளுக்குத் தெரிந்தேயிருந்தது. 'நீங்களே ஏதாவது போடுங்கள்' என்று எழுதிய பையன் இவருக்குள் இன்னும் இருக்கிறானா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. அவள் நடந்து போய், திறந்திருந்த ஜன்னல் வழியாகக் கேசட்டையும், அதன் பெட்டிக்குள் மடித்த தாளையும் டேஷ்போர்டின்மேல் வைத்தாள்.

"என்னக்கா இது?"

"உங்களோடது. பாளையங்கோட்டையில கொடுத்துட்டு வாங்க வரலை. கடையை மூடுறதுக்கு முன்னால ஒப்படைக்கணும்லா."

தனசிங் பெட்டியைத் திறந்து தாளைப் பிரித்தார். படித்தார். தன் கையெழுத்தில் அடித்த ஐந்தையும் படித்தார். மடித்துப் பழையபடி பெட்டிக்குள் வைத்தார். பிறகு போய், தன் கையாலேயே ஷட்டரை இறக்கினார், பூட்டினார்.

ஊர் முழுக்கப் பேக்கரிக்குள் எட்டிப் பார்த்தது. அடுப்பு இருந்தது, மாக்ரூன் இருந்தது, வேறு எதுவும் வரவில்லை. லிகோரி அண்ணன் பின்சுவரைத் தட்டிப் பார்த்தார், சுவர்தான். சலூன்காரர் ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வந்தார். விசைப்படகிலிருந்து போன் வந்தது, இங்கேயும் இல்லை. திரேசாள் தெருவில் உட்கார்ந்துவிட்டாள். தனசிங் டிரைவரைப் பலகையைக் கழற்றச் சொல்லிவிட்டு, முன்னால் ஸ்டியரிங் பக்கம் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். அப்போது அவர் பிடரியில் சாரல் அடித்தது.

அவர் திரும்பவில்லை. மேலே இருந்த சின்னக் கண்ணாடியில் பார்த்தார். பின்சீட்டுக்கு அப்பால் தூத்துக்குடிக் கவுண்டர், அதற்கு அப்பால் சாய்ந்து சுற்றும் விசிறி, மழைக்கோட்டுக் கொக்கிகள், மதுரையின் இரட்டைக் கூண்டு, எங்கோ ஆழத்தில் தறிச் சத்தம்.

ஜெசிந்தா ஜன்னல் பக்கம் வந்து நின்றாள். "ஏழாவது விதி சின்ன மொதலாளி. வண்டு, பிளேயர், லிஸ்ட்."

"தெரிஞ்சேதான் வச்சீங்களா?"

"தெரிஞ்சேதான் வச்சேன்."

"நான் இப்படியே ஓட்டிக்கிட்டுப் போயிட்டா என்ன பண்ணுவீங்க?"

"ஓட்டிக்கிட்டுப் போங்க. பதினோரு ஊரும் உங்க முதுகுக்குப் பின்னாலதான் இருக்கும், நீங்க எங்க போனாலும்" என்றாள். "போறதுன்னாலும் அதைக் கேட்டுட்டுப் போங்க. முப்பது வருசமாக் காத்துக்கிட்டு இருக்கு."

தனசிங் சாவியைத் திருகினார், என்ஜினுக்கு இல்லை, பிளேயருக்கு மட்டும். கேசட்டைத் தள்ளினார். ஊர் வெயிலில் நின்றது. முதல் பக்கம் ஓடி முடிந்தது, அவர் எடுத்துத் திருப்பிப் போட்டார். போக்குவரத்துக் காவலர் வந்து, இங்கே வண்டி நிறுத்தக்கூடாதென்று சொல்ல வாயைத் திறந்து, பின் கண்ணாடி வழியே ஈரோட்டைப் பார்த்து, அது தன் மனைவியின் ஊர் என்பதால் வாயை மூடிக்கொண்டார். பதினோராவது பாட்டில் தனசிங் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். பன்னிரண்டாவது பாட்டு முடிந்தது. நாடா ஒரு கணம் இரைந்தது. பிறகு பூட்டு திறந்தது, கொக்கி விலகிற்று, பன்னிரண்டடி அகலமுள்ள துருப்பிடித்த ஷட்டர் ஒன்று கடகடவென்று மேலே ஏறத் தொடங்கிற்று. ஏறிக்கொண்டே இருந்தது, ஒரு நிமிடம் ஐம்பது நொடிக்கு, எந்த ஷட்டரும் ஏற முடியாத உயரத்துக்கு.

தெருவில் நின்றவர்கள் எல்லாரும் பூட்டிய கடையைத் திரும்பிப் பார்த்தார்கள். அது பூட்டியேதான் இருந்தது. சத்தம் அடங்கும்போது தனசிங் வண்டியிலிருந்து இறங்கினார், யாரும் சொல்லாமலே, சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு, பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"செருப்பை வெளிய விட்டுட்டு வாங்க" என்றார் ஊரைப் பார்த்து. "உள்ள தென்காசி இப்பதான் பெருக்குனது."